கம்பளி சுற்றிய வால் விளக்கு

டிசம்பர் மாதம். மாலை நாலரை மணி. ரீட் நிலையத்தைத் தாண்டிக் கார்ன் ஏற்றம் தொடங்குகிற இடம்... ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் இருப்புப்பாதை. வீடில்லை. வெளிச்சமில்லை. ஆடுகள்கூட அந்நேரத்தில் அங்கே நிற்பதில்லை.

அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரி போடுங்கள். அந்த இருமல் மருந்துப் புட்டியை அடுப்பின் விளிம்பில் வையுங்கள். வாங்கியதிலிருந்து சில்லிட்டுக் கிடக்கிறது. நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிடுங்கள்... நல்லது.

இது மருந்துக்கடை மெரடித்தின் தாய்மாமனுக்கு நேர்ந்தது. பெயர் இட்வல். சரக்கு ரயிலில் கார்டு. கட்டுக்கதை சொல்லும் ஆள் அல்லர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, பாட்டில் ஒரு சொல் பிசகினாலும் திரும்பிப் பார்த்து முறைக்கிற ஆள். கேட்டவர்களில் பாதிப்பேர் அதைக் காற்று என்றார்கள். காற்று! காற்றுக்கு விசில் ஊதத் தெரியுமா? காற்று கையை நீட்டுமா? சிந்திக்கச் சோம்பியவர்கள் எதற்கும் காற்றையே காரணம் காட்டுவார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

அந்தப் பாதையின் வழக்கத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கனத்த சரக்கு ரயிலை முன் எஞ்சின் ஒன்றே கார்ன் ஏற்றத்தில் இழுத்துவிட முடியாது. பின்னாலிருந்து தள்ளுவதற்கு ஓர் உந்து எஞ்சின் வரும். அதைச் சங்கிலியால் பிணைப்பதில்லை. கடைசியில் இருக்கும் கார்டின் வண்டியில் வந்து முட்டி நிற்கும், தள்ளும், உச்சியில் விலகிப் பின்தங்கிவிடும். ரயில் எங்கே முடிகிறதோ அங்கே சிவப்பு வால் விளக்கு எரிந்தாக வேண்டும். ஆகவே கார்டு தம் வண்டியின் விளக்கைக் கழற்றி, உந்து எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனிடம் கொடுப்பார். அவர் அதைத் தம் எஞ்சினின் பின்புறம் மாட்டுவார். உச்சியில் விலகுவதற்கு முன், அதே விளக்கைக் கொண்டுவந்து கார்டிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையிலிருந்து கைக்கு. இரண்டு கைகளுக்கும் இடையில் ஒரு முழ இருட்டு... அவ்வளவுதான்.

உச்சியில் ஒரு பலகை உண்டு. அங்கே சரக்கு ரயில் எதுவும் நிற்காமல் போகக்கூடாது. கார்டும் முன் எஞ்சினின் ஃபயர்மேனும் இறங்கி, ஒவ்வொரு வண்டியின் பிரேக் கம்பியையும் தடியால் அழுத்திப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுபுறச் சரிவில் இறங்கலாம். பூட்டாமல் இறங்கினால்... அத்தனை நிலக்கரியையும் ஓர் எஞ்சினின் பிரேக் தாங்காது. சரிவின் அடியில் நான்ட் நிலையம் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களின் வண்டி அந்த வேளையில் அங்கேதான் நிற்கும்.

அன்று அந்த வண்டியில் இட்வலின் மகள் நெஸ்டாவும் இருந்தாள். சுரங்கத்தின் உணவுக்கூடத்தில் அவளுக்கு வேலை.

ரீட் அடிவாரத்தில் இட்வலின் ரயில் உந்து எஞ்சினுக்காகக் காத்திருந்தது. மூடுபனி. சாதாரண மூடுபனி அல்ல. நாக்கில் கரிச்சுவை தட்டுகிற மூடுபனி. முன் எஞ்சினை ஃபயர்மேன் மாஸ்டினிடம் ஒப்படைத்துவிட்டு, டிரைவர் டிரெவர் பின்னால் நடந்து வந்தார். கார்டின் வண்டியில் அடுப்பு உண்டு. அடுப்பின்மேல் தேநீர் உண்டு.

வந்தவரின் கண் வால் விளக்கின் மேல் விழுந்தது. அதன் இரும்புப் பிடியில் மஞ்சள் கம்பளி பின்னிச் சுற்றியிருந்தது.

"என்னய்யா இது, விளக்குக்கு ஸ்வெட்டர் போட்டிருக்க?"

"நெஸ்டா பின்னினது. குளிர்ல பிடி கையை அறுக்குதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மறுநாளே பின்னிட்டா."

"அதுலயும் மஞ்சள்! அடுத்த மாசம் காலுறை போடுவா. அப்புறம் அது ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்கு வரணும்னு அடம்பிடிக்கும்."

"உன் கோட்டுல ஒரு பொத்தான் தெச்சுக் குடுக்க ஆளில்ல. பொறாமைல பொங்காம டீயக் குடி."

டிரெவர் சிரித்தார். பிறகு கதவுக்கு வெளியே பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பாரேன்... ஒரு மண்ணும் தெரியல. சேத் கெத்தின் போனானே, அன்னிக்கும் இதே மாதிரிதான்."

"வாயக் கழுவுய்யா. ஏற்றம் ஏறப்போற நேரத்துல அவன் பேரு எதுக்கு?"

"சொன்னா என்ன, வந்துடுவானா? சரி, சரி, முறைக்காத. தொழிலாளர் வண்டி நான்ட்ல நிக்கும்ல?"

"நிக்கும். நெஸ்டா அதுல இருப்பா. மெதுவா எறக்கு. பின்னால போய் முட்டி வெச்சே, அவ வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"உன் மகளுக்கா? நான் சுரங்கத்துக்குள்ள குதிச்சிடுவேன்."

டிரெவர் குவளையைக் கவிழ்த்துவிட்டு, மூடுபனிக்குள் நடந்து மறைந்தார்.

சேத் கெத்தின் யாரென்று கேட்பீர்கள். போருக்கு முன்பு, ரீடில் உந்து எஞ்சின் ஓட்டியவர். அப்போது அந்த வேலைக்கு ஒரு பழைய வகைச் சரக்கு எஞ்சின்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சக்கரம், தாழ்ந்த முதுகு, கனத்த சுமைக்கென்றே பிறந்தவை. ஆனால் அவற்றின் மூச்சு மட்டும் சீராக இராது. மூன்று இழுப்பு நன்றாக வரும். நான்காவது, தொண்டைக்குள் விழுங்கினாற்போல் அமுங்கிப்போகும். ஹஃப்... ஹஃப்... ஹஃப்... ம்ம். அதனால் அவற்றை, மூச்சிரைப்பு நோய்க்காரி என்ற பொருளில், 'ஈளைக்காரி' என்றுதான் அழைப்பார்கள். பள்ளத்தாக்கின் மறுகோடியில் படுத்திருக்கும் பிள்ளைகூட, ஈளைக்காரி ஏறுகிறாள் என்று சொல்லிவிடும்.

ஒரு பனிக்காலத்தில், சேத் தம் ஈளைக்காரியைக் கொண்டு ஒரு ரயிலை உச்சி வரை தள்ளிப்போனார். விளக்கைத் திருப்பிக் கொடுக்க அவருடைய ஃபயர்மேன் எஞ்சினின் முகப்பில் வந்து நின்றார். வாங்குவதற்குக் கார்டு வரவில்லை. உள்ளே, அடுப்பருகில், தூக்கம். அந்தக் கார்டு தூங்குவதை அறியாத ஆள் அந்தப் பாதையில் இல்லை. வேறொருவராக இருந்தால், 'போனால் போகட்டும்' என்று பின்தங்கியிருப்பார். சேத் விடவில்லை. வால் விளக்கில்லாத ரயிலை அனுப்புவது அவருக்குக் கொலைக்குச் சமம். விசிலை ஊதிக்கொண்டே, முட்டியது முட்டியபடி தொடர்ந்தார். ஃபயர்மேன் விளக்கால் கார்டின் கதவைத் தட்டிக்கொண்டே வந்தார். உச்சி கடந்துவிட்டது. சரிவு தொடங்கிவிட்டது. ரயில் எப்படியோ தப்பியது. ஈளைக்காரி மட்டும் வளைவில் தடம்புரண்டு, பழைய கல்குவாரிக் குழியின் தண்ணீருக்குள் விழுந்தது. இருவரும் போனார்கள். எஞ்சினை மேலே தூக்கினார்கள். விளக்கு மட்டும் கிடைக்கவில்லை.

விசாரணை நடந்தது. நெருப்பு நன்றாக எரிகிற அறையில், மூன்று கனவான்கள். கார்டு பைபிளின் மேல் கைவைத்துச் சொன்னார்: "நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். யாரும் விளக்கைத் தரவில்லை." கனவான்கள் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? இறந்தவர்கள் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை; அது எவ்வளவு வசதி! பழி இரண்டு பிணங்களின் தலையில் ஏறியது. கார்டு கனடாவுக்குக் கப்பலேறினார்.

ஈளைக்காரிகள் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டன. இட்வலின் கதை நடந்தபோது ரீடில் அந்த வகையில் ஒன்றுகூட இல்லை. உந்து வேலைக்குப் புதிய எஞ்சின் வந்திருந்தது. கடிகாரம்போல் மூச்சுவிடும்.

சரி... டிரெவர் மூடுபனிக்குள் மறைந்தார். இட்வல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

டங்.

பின்னாலிருந்து ஒரு முட்டல். மெதுவாகத்தான். தேநீர்ப் பாத்திரம் அடுப்பின்மேல் ஓரங்குலம் நகர்ந்தது.

இட்வல் வண்டியின் பின்புறத் தாழ்வாரத்துக்கு வந்தார். மூடுபனிக்குள் ஒரு கறுப்பு மொத்தை தெரிந்தது. சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசை. உந்து எஞ்சினின் ஃபயர்மேன் ஆல்க்வின், வாய் ஓயாத பையன்; தினமும் ஏதாவது கேலி இல்லாமல் விளக்கை வாங்கமாட்டான்.

"என்னடா ஆல்க்வின், இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்ட? வழக்கமா உன்ன எழுப்பவே அரைமணி நேரம் ஆகுமே?"

மூடுபனியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. ஈரமான கோட்டுக் கை. இட்வல் விளக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தார்.

"பாத்துடா. கம்பளியைக் கரியாக்கினே, நெஸ்டா உன்னத் தோலுரிச்சிடுவா."

கை விளக்கை வாங்கிக்கொண்டது. மூடுபனி அதை மூடிக்கொண்டது.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் யாரும் பார்ப்பதில்லை. வந்து முட்டியாயிற்று, கை நீண்டாயிற்று, விளக்கு கைமாறியாயிற்று. இதற்குமேல் என்ன வேண்டும்? அதுதான் பிழை.

முன்னால், வெகுதொலைவில், டிரெவரின் விசில். சேவல் கூவுவதுபோல் இரண்டு முறை. புறப்படலாமா என்று பொருள். பின்னாலிருந்து உடனே பதில். அதே கூவல், இரண்டு முறை. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து ஊதினாற்போல்... கொழகொழவென்று.

ரயில் நகர்ந்தது.

இட்வல் உள்ளே போவதற்காகத் திரும்பினார். அப்போது பின் எஞ்சினின் நீராவி முகத்தில் அடித்தது. எத்தனையோ ஆண்டுகளாக அடித்துப் பழகிய நீராவி. கண்ணை மூடிக்கொள்வார், வெந்நீர்த் துணி போட்டதுபோல் இருக்கும். அன்று... குளிர்ந்திருந்தது. கிணற்றின் அடியிலிருந்து வருகிற குளிர். உதட்டை நக்கினார். பாசி நாற்றம்.

கதவைச் சாத்தினார். தாழிட்டார். ஏன் தாழிட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஏற்றம் செங்குத்தாயிற்று. பின்னாலிருந்து தள்ளும் ஓசை மேலும் மேலும் தெளிவாயிற்று.

ஹஃப்... ஹஃப்... ஹஃப்... ம்ம்.

இட்வல் தேநீரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

ஹஃப்... ஹஃப்... ஹஃப்... ம்ம்.

"இல்ல," என்றார் சத்தமாக. "இல்ல, இல்ல. ஆல்க்வின் வண்டிதான். ஏதோ கோளாறு."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆயினும் உள்ளே மூச்சு ஆவியாக வெளிவந்தது. பின்புறச் சன்னலின் கண்ணாடியில், வெளியே அல்ல, உள்ளே, நீர் வழிந்தது.

உச்சி வந்தது. டிரெவர் நீராவியை அடைத்தார். ஒரு நீண்ட விசில் ஊதினார். விலகிக்கொள் என்று பொருள். இட்வல் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். இப்போது விலகும். இதோ விலகும்...

தள்ளுதல் நிற்கவில்லை.

மறுபடியும் விசில். பிறகு ஒன்று. பிறகு ஓயாமல். டிரெவர் பலகையைக் கண்டுவிட்டார், பிரேக்கைப் போடுகிறார், ரயில் நிற்கவில்லை. பலகை சன்னலருகே வெள்ளையாக ஒரு கணம் மின்னிப் பின்னால் போயிற்று. ஒரு வண்டியின் பிரேக்கும் பூட்டப்படவில்லை. கீழே நான்ட். நான்டில் நெஸ்டா.

இட்வல் கைப்பிரேக்கின் சக்கரத்தை முறுக்கினார். தோள் கழன்றுவிடும் அளவுக்கு முறுக்கினார். அடியில் இரும்பு கீச்சிட்டது. தீய்ந்த நாற்றம் வந்தது. வேகம் குறையவில்லை. மூச்சிரைப்பும் விரைந்தது. ஹஃப்ஹஃப்ஹஃப்ம்ம். ஹஃப்ஹஃப்ஹஃப்ம்ம்.

அப்போதுதான் அது கேட்டது.

டொக்... டொக்... டொக்.

பின்கதவில். வெளியிலிருந்து. மரத்தின்மேல் இரும்பு.

இட்வல் கதவிடம் பாய்ந்தார். தரையில் உட்கார்ந்து, காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். உள்ளே வரப் பார்க்கிறது என்று நினைத்தார். "போயிடு," என்றார். "உனக்கு நான் என்ன செஞ்சேன்? போயிடுய்யா." கதவிடுக்கில் சிவப்பு ஒளி ஒரு கோடாகத் தெரிந்தது. தட்டல் கோபமாக இல்லை. அதுதான் அவரை அதிகம் நடுக்கியது. பொறுமையாக இருந்தது. பல்லாண்டுகளாகத் தட்டிப் பழகிய பொறுமை.

டொக்... டொக்... டொக்.

சிவப்பு ஒளி... விளக்கு! உள்ளே வரப் பார்க்கவில்லை. விளக்கைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளாத வரை விலகாது. சேத் இறந்த அன்றும் விலகவில்லை.

கதவைத் திறக்க வேண்டும். இருட்டுக்குள் கையை நீட்ட வேண்டும். நீட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. நீட்டாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். வளைவில் சக்கரங்கள் அலறத் தொடங்கிவிட்டன.

இட்வல் எழுந்தார். தாழ்ப்பாளை நீக்கினார். கண்களை இறுக மூடிக்கொண்டார். வலக்கையை நீட்டினார்.

முதலில் ஒன்றுமில்லை. பாசி நாற்றமும் குளிர்ந்த ஆவியும் மட்டும். பிறகு, ஒரு பிடி அவருடைய உள்ளங்கைக்குள் வைக்கப்பட்டது. வைத்த விரல்கள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கின. நன்றாகப் பிடித்துக்கொண்டாரா என்று பார்ப்பதுபோல், மேலிருந்து ஒருமுறை அழுத்தின. விரல்கள் தண்ணீரில் ஊறியவை. தோல் நழுவிற்று.

அவ்வளவுதான்.

தள்ளுதல் விட்டது. வண்டிகளின் சங்கிலிகள் முன்னாலிருந்து பின்னால் வரை டங்டங்டங்கென்று இழுபட்டன. டிரெவரின் பிரேக்கும் இட்வலின் பிரேக்கும் சேர்ந்து கடித்தன. ரயில் முனகி, திமிறி, நின்றது. முன் எஞ்சினின் மூக்குக்கு எதிரே, மூடுபனியில், தொழிலாளர் வண்டியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. கல்லெறி தூரம்கூட இல்லை.

டிரெவர் ஓடிவந்தார். தொப்பியைக் காணோம்.

"எங்க அந்த ஆல்க்வின் நாயி? எங்க அவன்? அத்தனை விசில் ஊதறேன், செவிடனா அவன்? எல்லாரையும் கொன்னிருப்பானேய்யா!"

இட்வல் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது.

"பின்தங்கிட்டானா? சொல்லித் தொலையேன்! ஏய்... இட்வல்? என்னய்யா ஆச்சு?"

நான்டின் சிக்னல் கேபினிலிருந்து ரீடுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். ரீடின் சிக்னல்காரர் எல்வெட் எடுத்தார். டிரெவர் கத்தினார். பிறகு எல்வெட் சொன்னார்:

"ஆல்க்வின் இங்கதாம்ப்பா இருக்கான். என் சன்னலுக்குக் கீழ. வண்டி தண்ணிக் குழாயில நிக்குது. நீங்க ஏன் சொல்லாமப் பொறப்பட்டீங்கன்னு என்னக் கேட்டுக்கிட்டிருக்கான்."

"அப்ப எங்கள எவன்யா தள்ளினான்?"

"எனக்குத் தெரியாது. நான் பாத்ததச் சொல்றேன். இட்வல் வண்டி போச்சு. விளக்கு இல்ல. கத்தலாம்னு சன்னலத் தூக்கினேன். அதுக்குப் பின்னாடி வெறும் தண்டவாளம். ஒரு எஞ்சின் நீளத்துக்கு வெறும் தண்டவாளம், டிரெவர். அதுக்கும் பின்னாடி... விளக்கு வந்துச்சு. தானா. ஆள் நெஞ்சு உயரத்துல, அந்தரத்துல. மஞ்சப் பிடி போட்ட விளக்கு. தண்டவாளம் அதுக்குக் கீழ நெளிஞ்சுச்சுப்பா. பாரம் ஏறினா நெளியுமே, அப்படி."

இட்வல் அப்போதுதான் தம் கையிலிருந்ததைப் பார்த்தார். பிடியில் கம்பளி இல்லை. துருவேறிய வெற்றுப்பிடி. கண்ணாடிக்குள் பாசி. எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. திரி இருக்க வேண்டிய இடத்தில் களிமண். அது எரிந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

அதை நான்ட் நிலையத்தின் விளக்கறையில் வைத்துப் பூட்டினார்கள். காலையில் திறந்தபோது, வைத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் இருந்தது. அதற்கும் மேலிடத்தில் காரணம் கேட்டார்கள். கூரை ஒழுகுகிறது என்று யாரோ எழுதிக்கொடுத்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள்!

இட்வல் அதற்குப் பிறகு ரயிலில் ஏறவில்லை. வீட்டில், அடுப்பின் முன்னால், வலக்கையை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் கை சூடேறவே இல்லை. ஒருநாள் தோல் கொப்பளித்துப்போகும் வரை நெருப்பில் காட்டியிருக்கிறார், சூடு உறைக்கவில்லை. நெஸ்டாதான் ஓடிவந்து இழுத்தாள்.

"என்னப்பா பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"என் விளக்கு இன்னும் அவன்கிட்டதாம்மா இருக்கு."

"போனாப் போகுது. இன்னொண்ணு பின்னித் தரேன்."

"அதில்ல. அவன் வெச்சுக்க மாட்டான். கொண்டாந்து குடுத்தாத்தான் அவனுக்கு நிம்மதி. நெஸ்டா, எங்கயாவது யாராவது நீட்டினா... யோசிக்காத. கையை நீட்டி வாங்கிடு. வாங்கலேன்னா அவன் விடமாட்டான்."

"சரிப்பா, வாங்கிக்கறேன். வெளக்குக் குடுக்க வர்ற ஆளு பாக்க நல்லாயிருந்தா, அவனையும் சேத்து வாங்கிக்கறேன். போதுமா?"

இட்வல் சிரிக்கவில்லை.

அடுத்த குளிர்காலம். மறுபடியும் மூடுபனி. தொழிலாளர் வண்டி நான்டில் நின்றது. எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோயிருந்தார்கள். கடைசிப் பெட்டியில் உணவுக்கூடத்துப் பெண்கள். வெங்காய வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையுமாக, உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டொக்... டொக்... டொக்.

சன்னலில். நடைமேடை இல்லாத பக்கம்.

"நெஸ்டா, உன் ஆளு வந்துட்டான்டி! படியேறி வர வெக்கமாம்," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

நெஸ்டா கண்ணாடியைக் கையால் துடைத்தாள். வெளியே, மூடுபனியில், ஒரு கை. கையில் ஒரு சிவப்பு விளக்கு. பிடியில் மஞ்சள் கம்பளி. அவள் பின்னிய கம்பளி. அதன் ஓரத்தில் அவள் தவறவிட்ட ஒரு கண்ணி. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கைக்குப் பின்னால் ஆளில்லை.

அவளால் அசைய முடியவில்லை.

பெட்டி மெதுவாக நகர்ந்தது.

"அப்பாடா, எஞ்சின் மாட்டியாச்சு," என்றாள் இன்னொருத்தி. எழுந்து மறுபக்கச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் திரும்பவில்லை. "எஞ்சின்... அங்க நிக்குதே," என்றாள். "தண்ணித் தொட்டிகிட்ட நிக்குதே."

யாரும் சிரிக்கவில்லை. சக்கரங்கள் விரைந்தன. பெட்டிக்குப் பின்னாலிருந்து, பின்சுவரின் பலகைகளைத் துளைத்துக்கொண்டு அந்த ஓசை வந்தது.

ஹஃப்... ஹஃப்... ஹஃப்... ம்ம்.

பெண்கள் அலறினார்கள். கீழே இன்னொரு சரிவு. அதன் முடிவில் ஆற்றுப்பாலம். நெஸ்டா சன்னல் கண்ணாடியைத் தாங்கியிருந்த தோல்வாரை அவிழ்த்தாள். கண்ணாடி சடாரென்று கீழே இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை, தகப்பனைவிடத் துணிச்சல்காரி. பார்த்துக்கொண்டேதான் கையை நீட்டி வாங்கினாள். என்ன பார்த்தாள் என்பதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டிகள் பாலத்துக்குச் சற்று முன்னால் நின்றன. ஒருவருக்கும் காயமில்லை. தளர்ந்த கைப்பிரேக் என்று எழுதி முடித்தார்கள். கடைசிப் பெட்டியில் இருந்த எந்தப் பெண்ணையும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உணவுக்கூடத்துப் பெண்கள்தானே! அன்றிரவே இட்வல் தூக்கத்தில் இறந்துபோனார். வலக்கை வெதுவெதுப்பாக இருந்ததாம்.

நெஸ்டா சுரங்க வேலையை விட்டுவிட்டாள். மெரடித் தம் மருந்துக்கடையில் அவளுக்கு வேலை கொடுத்தார். நீங்கள் எல்லாரும் அவளைப் பார்த்திருக்கிறீர்கள். ஆகஸ்ட் மாதத்திலும் வலக்கையில் உறையணிந்திருக்கிறாளே, அவள்தான். எப்போதும் இடக்கையால்தான் பொருளை எடுத்துத் தருவாள். இன்று மதியம் நான் மருந்து வாங்கப் போனபோது கூட்டம் அதிகம். மறந்துபோய், வலக்கையால் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இவ்வளவு நேரமும் அடுப்பின் விளிம்பில்தான் இருக்கிறது, அந்த இருமல் மருந்துப் புட்டி.

தொட்டுப் பாருங்கள்.